திருமணியும் நரம்பின் இடுக்கு வழியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையிலே நிற்கும் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியில், பொறிக்கப்பட்ட நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது. கோயிலின் வரவு செலவுகளையும், அங்கே வேதமும் சாஸ்திரமும் பயின்ற மாணாக்கர்களின் போஜன ஏற்பாடுகளையும் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு போகிற அந்தச் சாசனம், நடுவிலே வீரசோழன் என்னும் பெயர் தாங்கிய ஆதுரசாலை ஒன்றையும் வர்ணிக்கிறது. பதினைந்து படுக்கைகள், கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியர், சல்லியக் கிரியை பண்ணுவதற்கென்றே தனியாக ஒருவர், மூலிகை பறித்து வருவோர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவரும் அவரவர்க்குரிய நெல்லளவோடு அங்கே குறிக்கப்படுகிறார்கள்; ஒரு வருஷத்துக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. மருந்து கொடுப்பவர் வேறு, கத்தி பிடிப்பவர் வேறு என்ற பாகுபாடு பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஒரு கோயில் ஆதுரசாலையில் ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன்னமே நிலைபெற்றிருந்தது என்பது சாமானியமான செய்தியன்று.

அந்த மருந்துகளுள் ஆமணக்கையும் பூண்டையும் முதலாகக் கொண்ட தைலங்கள் இடம்பெற்றிருப்பதைக் கவனித்தால், ஆதுரசாலையை நாடி வந்தவர்களில் வாத நோயாளிகள் குறைவாக இருந்திருக்க மாட்டார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கணுக்கால் வரை இறங்கும் வலியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதை அதனைக் கிருத்ரசி என்று குறிப்பிட்டு, முழங்கால் மூட்டுக்கு நான்கு அங்குலம் மேலோ கீழோ இரத்தக் குழாயைக் கீறிச் சிறிது இரத்தத்தை வெளியேற்றும்படி விதிக்கிறது. வலி ஓடுகிற கோட்டை அவர்கள் பிழையின்றி வரைந்துவிட்டார்கள். ஆனால் காலில் உணரப்படும் அந்த வலியின் பிறப்பிடம் முதுகெலும்புக்குள்ளே, ஒரு விரல்கூட நுழைய முடியாத இடுக்கு ஒன்றில் இருக்கக்கூடும் என்பதை வைத்திய உலகம் தெளிந்துகொள்வதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

திருமுக்கூடலைக் கடந்த பாலாறு செங்கற்பட்டைத் தொட்டுக்கொண்டு கிழக்கே சென்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது. இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பல்லவரின் குடைவரைகளையும், ஏரிக்கரையிலே விஜயநகரத்தார் எழுப்பிய கோட்டையையும், 1752-இல் கோவளத்தையும் செங்கற்பட்டையும் அடுத்தடுத்துக் கைப்பற்றிய கிளைவின் படையெடுப்பையும் எழுதிவிட்டுப் பெரும்பாலும் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அவற்றோடு ஒருசேர வைத்து எண்ணத்தக்க வேறொரு சம்பவம் இதே மண்ணில் இருபதாம் நூற்றாண்டில் நடந்தேறியது என்பதும், மனிதனுடைய கைகால்கள் செயலிழப்பதற்கு விதியோ, பாபமோ, சதை அழுகலோ காரணமன்று, நரம்பு ஒன்று குறிப்பிட்ட ஓரிடத்தில் சிக்குண்டு மாள்வதே காரணம் என்ற உண்மை இங்கேதான் கண்ணுக்கும் கைக்கும் புலப்படலாயிற்று என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். அந்த இடம் கோட்டையும் அன்று, கோயிலும் அன்று. திருமணி என்னும் கிராமத்திலுள்ள பெருநோய், அதாவது தொழுநோய், வைத்தியசாலை.

1898-ஆம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டம் அமலில் இருந்த காலம் அது. பிச்சையெடுத்துத் திரியும் நோயாளியைப் பிடித்து அடைத்துவைக்கவும், பொதுக் கிணற்றிலிருந்தும் சில தொழில்களிலிருந்தும் விலக்கிவைக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரமளித்த சட்டம். நோயாளிக்கு அதில் கிடைத்தது நான்கு சுவர்களே அன்றிச் சிகிச்சை அன்று. இத்தகைய சூழ்நிலையில் சென்னை ராஜதானி அரசாங்கம் 1924-இல் திருமணியில் வைத்தியசாலை ஒன்றை நிறுவி, கவர்னர் வில்லிங்டன் பிரபுவின் மனைவியாருடைய பெயரை அதற்குச் சூட்டியது. அன்றைக்கு இருந்த ஒரே மருந்து நீரடிமுத்து எண்ணெய். நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த அந்த எண்ணெயை ஊசி மூலம் தோலிலே ஏற்றினார்கள். குத்திய இடமெல்லாம் வீங்கும், நோவும்; வாரந்தோறும் அந்த வேதனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றவர்களுக்கும் கிடைத்த பலன் சொற்பமே.

1935-இல் ராபர்ட் காக்ரேன் திருமணியின் பிரதம வைத்தியராக வந்து சேர்ந்தார். சீன தேசத்தில் வைத்தியப் பணி செய்த ஒரு மிஷனரியின் மகனாகப் பிறந்து, தோல் நோய்களையும் பெருநோயையும் கசடறக் கற்றவர் அவர். அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் என்னும் ஊரில் 1941 முதல் ஸல்ஃபோன் வகை மருந்துகள் பெருநோய்க்குப் பரிசோதிக்கப்பட்டு வந்தன. அந்தச் செய்தி எட்டியதும், விலை உயர்ந்த கூட்டு மருந்துகளுக்காகக் காத்திராமல், அவற்றின் மூலப் பொருளான டாப்ஸோனையே எண்ணெயில் கலந்து அளவறிந்து ஊசியாகப் போடும் முறையை 1946-இல் காக்ரேன் தொடங்கினார். ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகும் மருந்து எது என்ற கேள்விக்குத் திருமணி அளித்த பதில் அது. கிருமி அடங்கியது, தோலின் தடிப்புகள் மறைந்தன. இருப்பினும் நோயாளி குணமடைந்து ஊருக்குத் திரும்பியபோது, மடங்கிய விரல்களும் தொங்கும் பாதமும் மூடாத கண்ணும் அவனோடு கூடவே சென்றன. அவற்றைக் கண்ட ஊரார் நோய் போய்விட்டது என்பதை எப்படி நம்புவார்கள்?

பால் பிராண்ட் திருமணிக்கு வந்தது அப்போதுதான். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, ஒன்பது வயது வரை அந்த மலைவாசிகளோடு தமிழ் பேசி வளர்ந்து, பிறகு லண்டனில் ரண சிகிச்சை கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் வந்து சேர்ந்தவர் அவர். மறுவருஷம் காக்ரேனைக் காண அவர் செங்கற்பட்டுக்கு வந்தபோது, இருவரும் திருமணித் தோட்டத்தினூடே நடந்தார்கள். காக்ரேன் தம்முடைய சாஸ்திரமாகிய தோலைப் பற்றியே பேசிக்கொண்டு வர, எலும்பும் தசையும் அறிந்த பிராண்டின் கண்கள் எதிர்ப்பட்டவர்களின் கைகளையே நோக்கின. இளம்பிள்ளை வாதத்துக்கும் விபத்துகளுக்கும் எத்தனையோ நிபுணர்கள் இருக்க, இத்தனை ஆயிரம் முடமான கைகளை ஆராய்வதற்கு எலும்பு மருத்துவர் ஒருவர்கூட முன்வரவில்லையே என்று காக்ரேன் அங்கலாய்த்தார். அங்கே விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கிடந்த ஓர் இளைஞனிடம் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பலவீனமான தொடுகையையே எதிர்பார்த்திருந்த அவர், வலியால் துடித்துப்போகும் அளவுக்கு அந்தப் பிடி இறுகிற்று.

செத்துப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த கையிலே அத்தனை பலம் மிஞ்சியிருந்தது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றுக்குரிய நரம்புக் கிளைகள் முழங்கையை ஒட்டி மேலேயே பிரிந்துவிடுகின்றன. உள்ளங்கைக்குள்ளிருந்து விரல்களை நிமிர்த்திச் சீராக இயக்கும் சிறு தசைகள் மட்டுமே வாடியிருந்தன. ஆகவே நோய் கையைத் தின்னவில்லை. ஒரு நரம்பின் ஒரு பகுதியை மட்டும் மாய்த்திருக்கிறது. 1948 முதல் வேலூரில் பிராண்ட், பலமுள்ள தசைநார்களில் ஒன்றை இடம்மாற்றித் தைத்து, விரல்களை மறுபடியும் திறந்து மூடச் செய்யும் ரண சிகிச்சையை மேற்கொண்டார். குஷ்டரோகியின் சதை ஆறாது, கத்தி வைத்தால் அழுகிவிடும் என்று பெரிய ஆஸ்பத்திரிகள்கூடக் கதவடைத்திருந்த காலத்தில், அந்தப் புண்கள் மற்றவர்களுடைய புண்களைப் போலவே ஆறின.

ஆனால் தசைநாரை இடம்மாற்றுவது நேர்ந்துவிட்ட சேதத்துக்குப் பரிகாரம் மாத்திரமே. நரம்பு ஏன் மாள்கிறது, உடம்பில் நெடுந்தூரம் ஓடுகிற அது ஏன் குறிப்பிட்ட சில இடங்களில் மாத்திரம் மாள்கிறது என்ற கேள்விகள் பிராண்டை விட்டபாடில்லை. நோயாளி உயிரோடிருக்கையில் நரம்பை நெடுகப் பிளந்து பார்க்க முடியாது. பெருநோயில் இறந்தவரின் சடலத்தைப் பரிசோதனைக்குத் தரும் உறவினரும் அரியர். அப்படியிருக்கையில் ஒரு நாள், திருமணியில் ஒருவர் இறந்துவிட்டார், சடலத்தைப் பரிசோதிக்கலாம் என்று செங்கற்பட்டிலிருந்து செய்தி வர, பிராண்டும் துணைவர்களும் வேலூரிலிருந்து இரவோடிரவாகப் புறப்பட்டு வந்தார்கள். தூக்கம் துறந்து, கைகால்களின் பெரிய நரம்புகள் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ்வரை பிரித்தெடுத்து வைத்தார்கள். மாதிரிக்காக அங்குமிங்கும் வெட்டியெடுத்த துண்டுகளைப் பார்த்தால் புலப்படாத ஒழுங்கு, முழு நீளத்தையும் ஒரே பார்வையில் கண்டபோது வெளிப்பட்டது. தசைகளின் ஆழத்தில் செல்லும்போது மெல்லியதாகவும் வெண்மையாகவும் இருந்த நரம்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் தோலுக்கருகே மேலெழும்போது பருத்து வீங்கியிருந்தது. அதைத் தாண்டி ஆழத்தில் இறங்கியதும் மறுபடி மெலிந்தது.

தோலுக்கருகே உடம்பின் உஷ்ணம் குறைவு. இந்தக் கிருமியோ குளிர்ந்த இடத்தை விரும்புவது. பிராண்ட் இந்தக் கருத்தை எழுத்திலும் வெளியிட்டார். 1960-இல் எலியின் குளிர்ந்த பாதத்திலும், 1971-இல் உடற்சூடு குறைந்த அர்மடில்லோ என்னும் பிராணியின் உடம்பிலும் கிருமி வளர்ந்ததைப் பிற விஞ்ஞானிகள் கண்டபோது அது மேலும் வலுப்பெற்றது. எனினும் கிருமி தங்குவது ஒரு பாதிக் காரணமே. மறு பாதி அந்த இடங்களின் அமைப்பில் இருக்கிறது.

முழங்கையை மடக்கி, உட்புறத்து எலும்புத் துருத்தலுக்குப் பின்னே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பள்ளமும், அதற்குள்ளே கயிறு போல உருளும் ஒன்றும் தட்டுப்படும். அதைச் சற்று அழுத்தினால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல் சுரீரென்று ஓடும். அதுதான் அல்நார் நரம்பு. பள்ளத்தின் அடித்தளம் எலும்பு. கூரை இறுகிய நார்ப் பட்டை. சாதாரணமாக அந்த இடைவெளி போதும். கிருமியினாலும் அதை எதிர்த்து உடம்பு நடத்தும் போராட்டத்தினாலும் நரம்பு வீங்கிவிட்டாலோ, விரல் வீங்கிய பின் கழற்ற முடியாத மோதிரத்தின் கதைதான். எலும்பும் பட்டையும் விலகிக்கொடா. நரம்பின் சொந்த உறையும் நெகிழ்ந்துகொடாது. உள்ளே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முதலில் அடைபட, பிறகு நரம்பு இழைகள் பட்டினி கிடந்து மடிகின்றன. முழங்காலுக்கு வெளிப்புறம், சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றிவரும் நரம்பு இவ்வாறே நெருக்குண்டால் பாதம் தொங்கிவிடும். மணிக்கட்டில் நெருக்குண்டால் கட்டைவிரல் பயனற்றுப்போகும்.

இந்த அறிவு திருமணியிலேயே மேலும் வளர்ந்தது. மத்திய அரசாங்கம் 1955-இல் வைத்தியசாலையை ஏற்று, மத்திய தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. பிற்காலத்தில் அங்கே ரண சிகிச்சைப் பகுதியில் நெடுநாள் பணியாற்றிய எலும்பு மருத்துவர் எச். ஸ்ரீநிவாசன், விரல்களை நிமிர்த்தும் சிகிச்சைக்குப் புதிய உத்திகளை வகுத்ததோடு, மிகவும் ஆபத்தான ஒரு சங்கதியையும் வைத்திய உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வலியும் வீக்கமும் காய்ச்சலுமாக வரும் நரம்பு அழற்சியை நோயாளியே சொல்லிவிடுவான். வலியே இல்லாமல், ஓசைப்படாமல், வாரக்கணக்கில் நரம்பு செயலிழந்துகொண்டே போவதும் உண்டு. நோயாளிக்குத் தெரியாது, கேட்டால் சௌக்கியம் என்பான், ஒரு நாள் சட்டைப் பொத்தானைப் போட வராது. இதை ஸ்ரீநிவாசனும் அவருடைய சகாக்களும் அமைதியான நரம்பு வாதம் என்று வகுத்து, காலம் கடத்தாமல் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பலருக்கு நரம்பு மீளும் என்பதை 1982-இல் எழுதினார்கள். அதுமுதல், நோயாளி வலி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் மெல்லிய நைலான் இழையால் தோலைத் தொட்டு உணர்ச்சியையும், விரல்களை விரிக்கச் சொல்லித் தசைப் பலத்தையும் அளந்து எழுதிவைப்பதன் அருமை பெருமை வைத்தியர்களுக்கு நன்கு விளங்கிற்று. முதலில் ஓய்வு, மருந்து, கட்டை வைத்துக் கட்டுதல். அவற்றுக்கு இணங்காத நரம்புக்கு மாத்திரம் கத்தி. நார்ப் பட்டையைத் திறந்து, வேண்டுமானால் நரம்பின் உறையை நெடுக்காகக் கீறி, வீக்கத்துக்கு இடம் கொடுப்பதுதான் அந்த ரண சிகிச்சையின் சாரம். அதிலே எதையும் வெட்டி எறிவது முக்கியமன்று, வழிவிடுவதுதான் முக்கியம். வழிவிட வேண்டிய நேரம் கடந்துவிட்டால் எத்தனை திறமையான கையும் பயன்படாது.

முதுகெலும்பின் கதையும் இதே ஜில்லாவில் வேறொரு வழியாக நடந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் முதுகு வளைந்து, கால் விளங்காமல் வருபவர் என்றால் பெரும்பாலும் இளவயதினர். காரணம் முதுகெலும்பைத் தாக்கிய க்ஷயரோகம். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் க்ஷயரோக ஆரோக்கியசாலையைத் தொடங்கிய காலத்தில் வெயிலும் காற்றும் படுக்கையுமே பெரும்பாலும் சிகிச்சை. பிறகு மருந்துகள் வந்தன. நெஞ்சைத் திறந்து முள்ளெலும்பைச் சுரண்டி எலும்பு ஒட்டும் பெரிய சிகிச்சை அவசியமா, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நடமாடினாலே போதுமா என்று 1975-இல் தொடங்கிச் சென்னையில் நடந்த ஒப்பீட்டுப் பரிசோதனை, கால் முடங்காத நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மருந்தே போதும் என்பதை நிலைநாட்டி, உலகத்து நூல்களில் இடம்பெற்றது. கத்தியை எடுப்பதைவிட எடுக்காமலிருக்கத் தெரிந்துகொள்வது பெரிய கல்வி என்று நம்புகிற எனக்கு, சென்னை தந்த இந்த முடிவிலே தனியான மதிப்பு உண்டு.

க்ஷயம் அடங்கி ஆயுளும் நீண்ட பிறகு, முதுகெலும்பு வேறொரு நோயைக் காட்டலாயிற்று. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதை அமெரிக்காவில் மிக்ஸ்டரும் பாரும் 1934-இலேயே எழுதிவிட்டார்கள். அது நடுவயதினரின் வியாதி. முதியவர்களின் வியாதியை 1954-இல் ஹாலந்து தேசத்து வெர்பீஸ்ட் தெளிவாக வர்ணித்தார். ஜவ்வு வற்றித் தாழ்கிறது. பின்புறத்து மூட்டுகள் பருக்கின்றன. முள்ளெலும்புகளை உள்ளே இணைக்கும் மஞ்சள் நிற நார்ப்பட்டை தடிக்கிறது. மூன்றும் சேர்ந்து நரம்புகள் இறங்கும் கால்வாயைச் சுருக்கிவிடுகின்றன. நிமிர்ந்து நின்றால் கால்வாய் இன்னும் குறுகும், முன்னே குனிந்தால் சற்று விரியும். மாமல்லபுரத்துச் சாலையோரப் பட்டறையில் நாள் முழுதும் குனிந்தமர்ந்து உளி பிடிக்கிற எழுபது வயதுச் சிற்பி, வேலையில் ஒரு குறையும் சொல்லாமல் இருந்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது மட்டும் நடுவழியில் கால் மதமதத்துப் போய்த் திண்ணை தேடி உட்காருவதற்குக் காரணம் இதுதான். சிறிது உட்கார்ந்தால் தெளிந்துவிடும். எழுந்து நடந்தால் மறுபடி வரும். கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் வலை இழுத்துத் தேய்ந்த கிழவர்களும், பாலாற்றுப் பாசன வயல்களில் நாற்று நட்டு வளைந்த கிழவிகளும் இதே குறையோடு வீட்டிலேயே முடங்கி, வயசாகிவிட்டால் இப்படித்தான் என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். வயசு ஒரு காரணந்தான். ஆனால் அந்த வயசு உடம்பெங்கும் பரவி நின்று அவர்களை நடக்கவிடாமல் தடுக்கவில்லை. இடுப்புக்குள் ஓரிடத்தில், சில மில்லிமீட்டர் அகலத்தில் நின்று தடுத்தது.

அந்த இடத்தைத் திறந்துவிடும் பழைய முறைக்கு நீண்ட கீறலும், முதுகுத் தசைகளை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்குவதும், வளைவெலும்பை அகற்றுவதும், முழு மயக்கமும் வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ள முதியவருக்கு அந்த விலை சில வேளைகளில் நோயைவிடப் பெரிது. மைக்ராஸ்கோப்பின் துணையால் 1970-களின் பிற்பகுதியில் கீறல் சிறிதாயிற்று. அதே தசாப்தத்தில் அமெரிக்காவில் காம்பினும் ஜப்பானில் ஹிஜிகாட்டாவும் தோல் வழியே குழாய் செலுத்தி ஜவ்வை எடுக்க முயன்றார்கள். வெளியேறும் நரம்புக்கும் கீழ் முள்ளெலும்புக்கும் இடையே ஆபத்தின்றிக் குழாய் நுழையத்தக்க முக்கோண இடம் காம்பினின் பெயராலேயே வழங்குகிறது. கண்ணாடி வில்லைகளும் காமிராவும் மேம்பட, 1990-களின் இறுதிக்குள் எண்டாஸ்கோப்பி சிகிச்சை உருப்பெற்றது.

எட்டு மில்லிமீட்டர் அளவுள்ள கீறல். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே செலுத்தப்படும் குழாய். அதன் வழியே இடைவிடாது ஓடி இரத்தத்தை அலசிச் செல்லும் உப்புநீர். திரையிலே முதலில் தெரிவது தடித்த மஞ்சள் நார்ப்பட்டை. அதைச் சிறுகச் சிறுகக் கொறித்தும், பருத்த எலும்பு விளிம்பைச் சுழலும் நுண்கருவியால் தேய்த்தும் வழி உண்டாக்க, அதன் அடியிலே நசுங்கிக் கிடந்த நரம்பின் உறை மெல்ல விரிந்து, நாடித் துடிப்போடு அசையத் தொடங்குகிறது. பக்கவாட்டில் நுழையும் முறையில், அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்தால் போதும். நோயாளி விழித்திருந்து, கருவி நரம்பைத் தீண்டினால் உடனே சொல்வார். தசை பெரும்பாலும் பழுதுபடாததால், பலர் அன்றோ மறுநாளோ எழுந்து நடந்துவிடுகிறார்கள்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜவ்வு விலகலுக்கு இந்த முறையையும் மைக்ராஸ்கோப் முறையையும் ஒப்பிட்டு நடந்த பெரிய பரிசோதனையில், ஒரு வருஷம் கழித்துக் கால்வலியைப் பொறுத்தவரை இரண்டின் பலனும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது; இதன் லாபம் முதல் சில வாரங்களின் சௌகரியத்திலும், தளர்ந்த உடம்பு தாங்கவேண்டிய சுமை குறைவதிலும் இருக்கிறது. முதியவர்களுக்கு அந்த லாபம் சிறிதன்று. ஆனால் முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நிலைகுலைந்திருந்தால் இது மட்டும் போதாது. வைத்தியரின் கை இதில் பழகப் பல காலம் பிடிக்கும். பழகாத கையில் நரம்பின் உறை கிழிவதும் உண்டு. ஸ்கேன் படத்தில் குறுக்கம் தெரிகிறது என்பதற்காகவே கத்தி எடுப்பது தகாது. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஒரு தொந்தரவும் இல்லாதவரின் படத்திலேயே குறுக்கம் தெரிவது சகஜம்.

திருமணியில் கற்ற பாடமும் முதுகெலும்பின் பாடமும் ஒரே நோயாளியிடம் சந்திக்கும் சந்தர்ப்பங்கள் இப்போது வருகின்றன. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையாலும் அதற்கு முந்திய டாப்ஸோனாலும் குணமடைந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் பாதம் தொங்க ஆரம்பித்திருக்கிறது என்று வந்தால், பழைய நோயின் மிச்சம் என்று ஒதுக்கிவிடுவதும் தவறு, முதுமையில் வரும் முதுகுக் கோளாறு என்று நேரே ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவதும் தவறு. திருமணி மரபில் பயின்ற வைத்தியர் முதலில் முழங்காலின் வெளிப்புறத்தில் சிற்றெலும்பின் கழுத்தைத் தடவி, அங்கே நரம்பு தடித்திருக்கிறதா, அழுத்தினால் நோகிறதா என்று பார்க்கிறார். பிறகு பாதத்தை உட்பக்கமாகத் திருப்பச் சொல்லித் தம் உள்ளங்கையால் எதிர்த்துப் பிடிக்கிறார். படுக்கவைத்து முழுக் காலையும் பக்கவாட்டில் தூக்கச் சொல்கிறார். இந்த இரண்டு அசைவுகளுக்கும் உரிய முக்கியத் தசைகளுக்கு முழங்காலைச் சுற்றும் அந்த நரம்பு போவதில்லை. இடுப்பிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பு வேர் போகிறது. அவை தளர்ந்திருந்தால் சிக்கல் பெரும்பாலும் முதுகெலும்பின் கால்வாயில், அங்கேதான் வழிவிட வேண்டும். அவை திடமாக இருந்து பாதத்தை மேலே தூக்க மட்டும் முடியாவிட்டால், நரம்பு நெருக்குண்டிருப்பது முழங்காலுக்கருகில்; அந்த முதியவரின் முதுகைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.